ஆட்டுப் பட்டியும் கறிக்கடையும் ஒரே வீட்டில் இருப்பவர்கள்: இன்னும் மனசை உறுத்தும் உருப்படி (ஆடு) எது?

கரிசல்பட்டி:
மாசி மாசம், 3 வயசு தாண்டின பெட்டை. வெளியே பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதுகெலும்பு தட்டுப்படவில்லை, கண் இமையை விலக்கினால் நல்ல சிவப்பு. நெஞ்சைப் பிளந்தால் நுரையீரல் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி, பெரியது எலுமிச்சங்காய் அளவு. ஈரலிலும் நாலு. கத்தி முனை பட்டதும் தெளிந்த தண்ணி பீய்ச்சி அடித்தது. உள்ளே வெள்ளைச் சவ்வு, அதில் பொடிப்பொடியாகக் குறுணை. வெட்டின பையன் அந்த நுரையீரலை அப்படியே வாசலில் கிடந்த நாய்க்கு வீசினான். அதே நாய்தான் ராத்திரி பட்டிக்குக் காவல்!

அந்தக் குறுணை நாய்க் குடலில் நாடாப்புழுவாகும். ஏறக்குறைய ஒன்றரை மாசத்தில் நாய்க் கழிவில் முட்டை வரும். அது விழுந்த புல்லை ஆடு மேயும், மறுபடி கட்டி. மனுஷனுக்கும் இதே கட்டி ஈரலில் வரும், ஆபரேஷன் வரைக்கும் இழுக்கும்.

நல்லிஎலும்பு:
நாய்க்குப் போடாமல் அதை என்ன செய்வது? அரை மணி நேரம் கொதிக்க வைத்துப் போட்டால் போச்சு.

கரிசல்பட்டி:
ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு, வாசலில் ஆள் நிற்கும்போது, எந்த அடுப்பில் கொதிக்க வைப்பீர்கள்? கடைக்குப் பின்னால் 4 அடிக் குழியில் புதைத்து, மேலே சுண்ணாம்பு, நாய் தோண்டாமல் பாரமான கல். நாய்க்கு 6 வாரத்துக்கு ஒருமுறை பிரசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். ஆட்டுக்கு மட்டும் மருந்து ஊற்றிவிட்டு நாயை விட்டுவிடுகிற பட்டிகள்தான் அதிகம்.

சந்தைத்துண்டு:
எனக்கு உறுத்துவது ஒரு தீபாவளிக் கிடாய். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை. துண்டுக்குள் விரல் பிடித்து முடித்த பேரம். எடை 24 கிலோ. இடுப்புப் பள்ளமே தெரியாத அளவுக்கு வயிறு உப்பல். வண்டியில் ஏற்றுவதற்குள் மூன்று தடவை மூத்திரம் போனது. உப்புப் போட்ட தவிட்டுத்தண்ணி காட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலை 21.5 கிலோ. உரித்து, தலை, கால், குடல் நீக்கித் தொங்கவிட்டால் கறி 10.2.

காலை எடைக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 47, அது சரியான தேறுதல்தான். சந்தை எடைக்குப் போட்டால் நூற்றுக்கு 42தான். கடையின் லாபமே அந்த இடைவெளியில் போய்விடுகிறது. வயிற்றைப் பார்க்காதீர்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை அழுத்துங்கள். சதை விரலைத் தள்ளினால் வாங்கலாம். அறுப்புக்கு முன் 12 மணி நேரம் தீவனம் வேண்டாம், தண்ணி மட்டும் போதும். குடல் லேசாக இருந்தால் கிழியாது, கறியில் சாணம் படாது.

மேச்சேரிவெள்ளை:
ஐப்பசி, முதல் மழைக்குப் பின் வந்த தளதளப் புல். கொழுகொழு என்று இருந்த குட்டி, சாயங்காலம் துள்ளி விழுந்து, காலை உதைத்து, தலையைப் பின்னால் வளைத்து அரைமணியில் முடிந்துவிட்டது. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் களி மாதிரி விரலோடு வந்தது. துள்ளுமாரி. நோஞ்சான் குட்டியை விட்டுவிட்டு முதல்தரக் குட்டியைத்தான் அது எடுக்கும். குடலில் எப்போதும் இருக்கும் கிருமி, தீனி திடீரெனக் கூடினதும் பெருகி விஷம் கக்குகிறது. மழைக்கு முன், ஆடியிலேயே ஊசி. முதல் தடவை என்றால் இரண்டு வாரம் கழித்து இன்னொன்று.

"இப்பத்தானே போச்சு, வெட்டிடலாம்" என்று ஒரு குரல் எல்லா வீட்டிலும் வரும். செத்தது கடைக்கு வரக்கூடாது. அதிலும் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருப்பு ரத்தம் வடிந்தால் கத்தியே வைக்காதீர்கள், அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். திறந்தால் கிருமி மண்ணில் பல வருஷம் கிடக்கும்.

கண்மாய்க்கரை:
பொங்கலை யாரும் சொல்லவில்லையே. தை 2 மாட்டுப் பொங்கல், திருவள்ளுவர் தினமும் அன்றுதான். கறிக்கடை திறக்கக்கூடாது. மூன்றாம் நாளுக்காகக் கட்டி வைத்த உருப்படிகள் வீட்டிலேயே நிற்கும். மிச்சப் பொங்கல் சோறு முழுக்க அதுகளுக்குத்தான் போகும். ராத்திரி ஒரு கிடாய் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது, இடது வயிற்றைத் தட்டினால் தண்ணிச் சத்தம், வாயில் புளித்த வாடை. அதற்குக் கடலை எண்ணெய் ஊற்றுகிறார்கள்! எண்ணெய் நுரை உப்புசத்துக்கு. இது சோறு புளித்து அமிலமானது. 20 கிலோ ஆட்டுக்கு 20 கிராம் சமையல் சோடா, வெதுவெதுப்பான தண்ணியில் கரைத்து மெதுவாக, புரையேறாமல். பிறகு இரண்டு நாள் காய்ந்த தட்டை மட்டும். எழுந்திருக்காவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கடையும் பட்டியும் சேர்ந்து ஓட வேண்டுமென்றால் சினையைக் கணக்குப் பண்ணுங்கள். சினைக்காலம் 150 நாள். ஆடி கடைசியில் கிடாய் சேர்த்தால் தையில் குட்டி. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். மூணு மாசம் முடிந்து பால் மறக்கடித்து, வேலிமசாலும் அகத்தியும் காட்டினால் ஐப்பசிக்கு 9 மாசக் குட்டி, நல்ல இனம் என்றால் 18 கிலோவைத் தொடும். சூபாபுல் தழை மலிவென்று அதையே போடாதீர்கள், மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு தாண்டினால் முடி கொட்டும். சோளத்தை பூ வருவதற்கு முன், அதுவும் வாடின பயிராக, மேய விடவே கூடாது. புரட்டாசியில் வியாபாரம் படுக்கும், அதனால் ஆவணி கடைசியில் சந்தையில் வாங்கிக் குவிக்காதீர்கள், சொந்தக் குட்டியைத் தேற்றுங்கள். பட்டி எருவை...

நல்லிஎலும்பு:
அண்ணே, கேட்டது ஒரு உருப்படி, நீங்க பஞ்சாங்கமே வாசிச்சிட்டீங்க.

எனக்கு ஒரு கோயில் கிடாய். நேர்ந்து விட்டதற்கு எங்க பக்கம் காயடிக்க மாட்டார்கள், இரண்டு வயசு, கொம்பு அடியில் கிட்டே போனாலே வாடை. உரித்தவர் முடியைப் பிடித்த கையாலேயே தொடையைத் தூக்கினார். அந்தத் தொடை முழுக்க வாடை, குழம்பில் கொதித்தும் போகவில்லை, வாங்கினவங்க சட்டியோடு கொண்டு வந்துட்டாங்க. மற்ற தொடையில் ஒன்றுமில்லை. ஒரு கை தோலுக்கு, ஒரு கை கறிக்கு. கத்தி தோலில் உள்ளிருந்து வெளியே போகணும், முடியை வெட்டிக்கொண்டு உள்ளே வரக்கூடாது. கடைக்கு வளர்ப்பதென்றால் 3 மாசத்தில் பர்டிசோ (காயடிக்கும் இடுக்கி) போட்டுவிடுங்கள்.