பத்து மாதக் குழந்தை தவழாமல் உட்கார்ந்தபடியே நகர்கிறாள்: பொறுத்திருக்கலாமா, மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

நிலாவின் அம்மா, திண்டுக்கல்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குச் சென்ற வாரம் பத்து மாதம் நிறைந்தது. குறித்த நாளுக்கு ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தவள். பிறந்தபோது எடை 2.1 கிலோ. ஆறாம் மாதம் குப்புற விழுந்தாள். அன்று மாமியார் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். எட்டரை மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தாள். ஆனால் இன்றுவரை முழங்கால் ஊன்றித் தவழவில்லை. குப்புறப் படுக்கவைத்தால் அழுகிறாள். உட்கார்ந்த நிலையிலேயே கைகளைப் பக்கவாட்டில் ஊன்றி, இடுப்பை எக்கி எக்கி, கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடுகிறாள்.

நாத்தனாரின் மகன் இவளைவிடப் பன்னிரண்டு நாள் இளையவன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். இருவரையும் ஒரே பாயில் உட்காரவைக்கும்போது யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதே பாயில்தான் நேற்று வேறொன்றையும் பார்த்தேன். எங்கிருந்தோ சிந்தியிருந்த ஒற்றைப் பொரியை முதலில் உள்ளங்கையால் வாரப் பார்த்தாள். அது நழுவி ஓடியது. சற்று நேரம் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் குவித்து, அழகாகக் கிள்ளி எடுத்தாள். வாய்க்குப் போவதற்குள் நான் வாங்கிக்கொண்டேன். போன வாரம்வரை இது அவளுக்கு வராது.

வாக்கர் வாங்கி உட்காரவைத்தால் கால் பலப்படும் என்று வீட்டில் சொல்கிறார்கள். வாங்கலாமா? இது தாமதம்தானா?

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், தேனி

அன்பு மகளே, முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள். முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு, இரண்டு வயது ஆகும்வரை, பிறந்த நாளிலிருந்து அல்லாமல் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்துதான் வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் மகளுக்கு இப்போதுதான் ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகிறது. உட்கார்ந்ததும் ஏறத்தாழ ஏழரை மாதத்தில் என்றாகிறது.

இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி, நல்ல உடல்நலமுள்ள குழந்தைகள் பிடிமானமின்றி உட்காரும் காலம் 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை நீள்கிறது. தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. நம் முன்னோரும் குழந்தை வளர்வதைப் பாடும் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை (கையூன்றித் தலையசைப்பது), ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி (உட்கார்ந்து கைகொட்டுவது) என்று பருவம் வகுத்தார்கள். பருவம் என்றுதான் வகுத்தார்கள், நாள் குறிக்கவில்லை.

வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் குழந்தையின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. குழந்தை கால்விரல் நுனியால் தரையை உந்துகிறதே தவிர, இடுப்புக்கும் முதுகுக்கும் சமநிலை காக்கும் வேலை வருவதில்லை. நடை அதனால் தள்ளிப்போகவும் கூடும். படியில் உருண்டு மண்டையில் அடிபட்ட குழந்தைகளைப் பணிக்காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். கனடாவில் 2004 முதல் அதன் விற்பனைக்கே தடை உள்ளது. நம் மர நடைவண்டி வேறு. குழந்தை தானாக எழுந்து நின்ற பிறகு தள்ளிக்கொண்டு போவது, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போதைக்கு உங்கள் மார்மீது குப்புறப் படுக்கவைத்து முகம் பார்த்துப் பேசுங்கள்; பாயில் அழுகிற குழந்தை அம்மாவின் மார்மீது அழாது.

இரட்டையரின் தந்தை, கோயம்புத்தூர்

செவிலியர் அம்மா சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனாலும் என் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு இரட்டைப் பிள்ளைகள். மகள் பதினோராம் மாதம் நடந்தாள். மகன் அப்போது உட்காருவதற்கே தடுமாறினான். எட்டாம் மாதத்திலிருந்தே அவன் எதையும் இடக்கையாலேயே எடுத்தான். வலக்கை எப்போதும் மூடியபடி இருக்கும். இடக்கைப் பழக்கம் என்று நாங்கள் மகிழ்ந்துகூடப் போனோம். நான் காட்டிய மருத்துவர், ஆண்பிள்ளைகள் மெதுவாகத்தான் வருவார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான்கு மாதம் அப்படியே கழிந்தது. பிறகு வேறொருவர் பார்த்து, வலப்பக்கத் தசைகள் இறுகியிருப்பதைக் கண்டறிந்தார், மூளைவாதம் (செரிப்ரல் பால்சி) என்றார். பயிற்சி தொடங்கினோம். இப்போது நான்கு வயதாகிறது. காலில் பட்டையுடன் ஓடுகிறான். ஆனால் அந்த நான்கு மாதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே சகோதரி, மாதக் கணக்கைவிட இவற்றைக் கவனியுங்கள். இரு கைகளும் ஒரேபோல் வேலை செய்கின்றனவா? ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது பழக்கமன்று, அறிகுறி. நிற்கப் பிடித்தால் கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக்கொள்கின்றனவா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா? வந்த திறன் ஏதேனும் மறைந்ததா? இவற்றில் ஒன்றில் ஐயம் வந்தாலும் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் டி.இ.ஐ.சி. என்ற பெயரில் குழந்தை வளர்ச்சி மையங்கள் இயங்குகின்றன, கட்டணம் இல்லை. கேட்டுப் போங்கள்.

ஒரு பாட்டி, தஞ்சாவூர்

குழந்தையின் அப்பா சிறுவயதில் எப்படி நகர்ந்தார் என்று உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்களம்மா. உட்கார்ந்தே நகர்வது பல வீடுகளில் பரம்பரையாக வருவது. என் மூத்த மகனும் அப்படித்தான், அவன் மகளும் அப்படித்தான். இருவரும் தவழாமலேயே, சற்றுத் தாமதமாக நேரே எழுந்து நடந்தார்கள்.

நிலாவின் அம்மா, திண்டுக்கல்

மூவருக்கும் நன்றி. மாமியாரிடம் கேட்டேன். என் கணவரும் தவழவில்லையாம். நடந்தது பதினேழாம் மாதமாம். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றார்.

இரட்டையரின் தந்தை எழுதியதைப் படித்த பிறகு இரவெல்லாம் உறக்கம் இல்லை. காலையில் இவளை மடியில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் ஒரு கரண்டியும் இடப்பக்கம் ஒரு கரண்டியும் மாறி மாறி நீட்டினேன். இரு கைகளாலும் வாங்கினாள். மூன்றாவது கரண்டியை நீட்டியபோது, இரு கைகளும் நிறைந்திருக்கவே, ஒன்றைக் கீழே போட்டுவிட்டு அதை வாங்கினாள். பெயர் சொன்னால் திரும்புகிறாள். கால்கள் விறைப்பதாகத் தெரியவில்லை, ஆனால் என் கண்ணை நான் முழுவதும் நம்பவில்லை. ஆகவே வரும் வியாழக்கிழமை குழந்தைநல மருத்துவரிடம் போகிறோம்; பிறந்த நாளோடு பிறந்திருக்க வேண்டிய நாளையும் ஒரு தாளில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறேன். வாக்கர் வாங்குவதாக இல்லை.