டிசம்பர் வந்தா எரிச்சல்தான் வருது, ஸ்தோத்திரம் வரல. உங்களுக்கும் இப்படியா?

நாஞ்சில் மருமக:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாகர்கோவில் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. டிசம்பர் பிறந்தாலே எனக்கு படபடப்புதான். வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும், ஸ்டார் கட்டணும், குடில் வைக்கணும், பிள்ளைங்களுக்கு துணி எடுக்கணும், இதுக்கு நடுவுல அரையாண்டு பரீட்சை வேற பண்டிகை பக்கத்துல வரைக்கும் இழுக்குது, பெரியவனுக்கு கணக்கு சொல்லிக்குடுத்துகிட்டே அச்சப்பம் சுட்டா அச்சு காயாம மாவு ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. முந்திரிக்கொத்து கடையில வாங்கினா அத்தைக்கு ஆகாது, பாசிப்பயறு வறுத்து பொடிச்சு பாகு காச்சி சூடு ஆறுறதுக்குள்ள உருட்டி முடிக்கணும், கை வெந்து போகுது. நடுராத்திரி வீடு வீடா கிறிஸ்மஸ் பாட்டு பாடிகிட்டு கேரல் ரவுண்ட்ஸ் வருவாங்க, எழும்பி டீ போடணும். 25ஆம் தேதி விடியக்காலம் ஆராதனையில ஐயர் (எங்க சபை போதகர்) பிரசங்கம் பண்ணும்போது நான் தூங்கி வழியறேன். ஸ்டேட்டஸ் பூரா 'எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் பண்ணுங்க'ன்னு நன்றி சொல்லச் சொல்ற 1 தெசலோனிக்கேயர் 5:18 வசனம், அதைப் பாத்தா குத்துற மாதிரி இருக்கு. நன்றி எங்க இருந்து வரும்? நிஜமாத்தான் கேக்கேன்.

குவைத் நர்ஸ்:
சிஸ்டர் தப்பா எடுத்துக்காதீங்க, இங்க கிறிஸ்மஸுக்கு லீவே கிடையாது, டூட்டி போட்டா போயே ஆகணும், சபை ஆராதனையும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான். அச்சப்பம் சுட ஒரு வீடு, திட்ட ஒரு மாமியார், கதவு தட்ட கேரல் பார்ட்டி, இதெல்லாம் வீடியோ கால்ல பாத்து அழுறவ நான். உங்களுக்கு இருக்கிறதை நினைச்சாலே நன்றி வரும்.

பாளை அண்ணாச்சி:
குவைத் சிஸ்டர் கஷ்டம் புரியுது, ஆனா இந்த வழி எனக்கு ஒத்துவரல. அடுத்தவன் நிலைமையை விட நம்ம நிலைமை பரவால்லனு சொல்ற நன்றி, லூக்கா 18ல பரிசேயன் பண்ணின ஜெபம். அவனும் ஸ்தோத்திரம்தான் சொன்னான், வரி வசூலிக்கிற ஆயக்காரனை ஓரக்கண்ணால பாத்துகிட்டே, இவனை மாதிரி நான் இல்லன்னு.

மருமக கேட்டதுக்கு வாறேன். இயேசு வீட்டுக்கு வந்தப்ப மார்த்தாள் ஓடியாடி வேலை செஞ்சா, கூடப்பிறந்த மரியாள் அவர் காலடியில உக்காந்து கேட்டுகிட்டிருந்தா, எனக்கு உதவ மாட்டேங்குறான்னு மார்த்தாள் அவர்கிட்ட முறையிட்டா. எல்லாரும் இந்தக் கதையை லூக்கா 10ஓட நிறுத்திடுதாங்க, வேலையை விட்டுட்டு மரியாள் மாதிரி உக்காருன்னு அட்வைஸ், சரி உக்காந்துட்டா சோறு யார் பொங்குவா? யோவான் 12 எடுத்துப் பாருங்க. யூதரோட பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாளுக்கு முன்னாடி, பண்டிகை நெருக்கடி நேரம், அவங்க ஊரு அதே பெத்தானியா, மார்த்தாள் அப்பவும் பணிவிடைதான் செய்யுதா. மாறினது என்னன்னா அங்க முறைப்பாடு இல்ல. இதுக்கு நடுவுல 11ஆம் அதிகாரத்துல அவ சகோதரன் லாசரு கல்லறையில இருந்து எழும்பி வந்துட்டான், இப்ப அந்த வீட்டுப் பந்தியில உக்காந்திருக்கான். யாருக்காக பரிமாறுதோம்னு அவளுக்குத் தெரியும். அதனால வேலை கூடவா குறையவான்னு பாக்காதீங்க, உங்க பந்தியில யாரெல்லாம் இருக்காங்கன்னு பாருங்க. போன வருஷம் ஆஸ்பத்திரியில கிடந்தவங்க யாராவது இந்த வருஷம் வீட்டுல நடமாடினா அங்க இருந்து ஆரம்பிக்கலாம்.

முத்துநகர் அக்கா:
அண்ணாச்சி விளக்கம் அருமை, ஆனா பாருங்க, யோவான் 12லயும் லாசரு உக்காந்துதான் இருக்காரு, பரிமாறுறது மார்த்தாள் 😄 இந்த த்ரெட்ல ஒருத்தரும் மருமகவோட வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு கேக்கலையே? நன்றியா இரு, முறுமுறுக்காதன்னு வேலை செய்றவகிட்ட மட்டுமே சொன்னா அது அவ வாயை அடைக்கிறதுக்குத்தான் உதவும். தங்கச்சி, பரீட்சைக்கு சொல்லிக்குடுக்கிறதும் கேரலுக்கு டீ போடுறதும் அவர் பொறுப்புன்னு முதல்ல பிரிச்சுக்குடு, ஜெபம் அதுக்கப்புறம்.

நான் தூத்துக்குடி, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்). எங்க கோயில்ல கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலம் நாலு ஞாயிறும் சாமியாருக்கு ஊதா உடுப்புதான், அந்த ஞாயிறுகள்ல 'உன்னதங்களிலே'ன்னு வர்ற வானவர் கீதம் பாட மாட்டோம், அடக்கி வச்சு 24 நடுராத்திரி பூசையில மணி அடிச்சு பாடும்போது உடம்பு சிலிர்க்கும். நாங்க வீட்டுல மட்டும் டிசம்பர் ஒண்ணாந்தேதியே கொண்டாட்டத்தை ஆரம்பிச்சு 24க்குள்ள களைச்சுப் போறோம். இப்ப நான் பலகாரத்தை ரெண்டு வகையா குறைச்சிட்டேன், கேக் பேக்கரியிலதான், மிச்சத்தை ஜனவரியில செய்வேன், மூணு ராஜா திருநாள் ஜனவரி 6 வரைக்கும் நமக்கு பண்டிகைதானே.

நாஞ்சில் மருமக:
அக்கா அந்த லாசரு மேட்டரை வீட்டுக்காரங்ககிட்ட வாசிச்சு காட்டினேன், சிரிச்சுட்டு பேசாம போனாங்க, ராத்திரி பாத்தா கணக்கு நோட்டை எடுத்துகிட்டு பெரியவன் பக்கத்துல உக்காந்திருக்காங்க, பாப்போம் எத்தனை நாளைக்குன்னு. அண்ணாச்சி, ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க பாத்தீங்களா, போன கிறிஸ்மஸுக்கு அத்தை ஐசியூல, வீட்டுல ஸ்டார்கூட கட்டல. இந்த வருஷம் கடை முந்திரிக்கொத்து வேண்டாம்னு சண்டை போடுற அளவுக்கு தெம்பு வந்திருக்கு. எரிச்சல்ல இது எனக்குத் தோணவே இல்ல. ஆனா பலகாரம் ரெண்டு வகைன்னு அத்தைகிட்ட யார் சொல்றது? பக்கத்து வீட்டு பாய் பக்ரீத்துக்கு பிரியாணி தந்தாங்க, எதிர் வீட்டுல தீபாவளிக்கு தட்டு நிறைய தந்தாங்க, திருப்பிக் குடுக்காம இருக்க முடியாது.

முத்துநகர் அக்கா:
தட்டு கட்டாயம் குடு, அதுல குறைக்காத. அவங்களுக்கு அச்சப்பமும் கேக்கும் போதும். முந்திரிக்கொத்துக்கு அத்தையை உக்கார வச்சு உருட்டச் சொல்லு, அவங்க கைப்பக்குவம் உனக்கு வராதுன்னு சொன்னா அவங்களே வருவாங்க. அச்சை கொதிக்கிற எண்ணெயில நல்லா முக்கி வச்சு எடுத்து அப்புறம் மாவுல முக்கால்வாசி மட்டும் முக்கு, முழுசா முக்கினா கழண்டு வராது.