கடல் அனிமோன் வெளுத்துச் சுருங்குகிறது: கோடையில் என்ன செய்யலாம்?

கேள்வி (வேளச்சேரி உறுப்பினர்)

அன்பர்களுக்கு வணக்கம். பொங்கலையொட்டித் தொடங்கிய என் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில், கொளத்தூரில் வாங்கிய பபிள் டிப் அனிமோன் என்ற, பாறையில் ஒட்டி வாழும் பூப்போன்ற கடல்விலங்கு ஒன்றைச் சித்திரைத் தொடக்கத்தில் விட்டேன். வரும்போது இளம்பழுப்பாக இருந்த அதன் உணர்கொம்புகள் இப்போது தந்த நிறத்துக்கு வெளுத்துவிட்டன. இரவில் பாறையை விட்டு நகர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. வாயும் சில நேரங்களில் பிளந்தே கிடக்கிறது. கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. பிற்பகலில் நீரின் வெப்பம் 31 டிகிரியைத் தொடுகிறது. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக, கலந்து வைத்திருக்கும் உப்புநீரையே ஊற்றி வருகிறேன். விளக்கின் ஒளியைக் கூட்டலாமா, அனிமோனுக்குள் தங்கி வாழும் கோமாளி மீன் இணை ஒன்றை விட்டால் தேறுமா, பெசன்ட் நகர்க் கடல்நீரைக் கொண்டுவந்து மாற்றலாமா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வெப்பத்தைப் பற்றிப் பிறர் சொல்வார்கள். எனக்கு உறுத்துவது நீங்கள் ஊற்றும் உப்புநீர்தான். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த அளவுக்கு உப்புநீரையே விட்டால், அதுவும் சென்னை வெயிலில் நாள்தோறும் விட்டால், உப்புச்செறிவு ஏறிக்கொண்டே போகும். ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, உப்பு கூடினால் இதுவும் கூடும்) 1.025 முதல் 1.026 வரை, அதுவும் ஏறி இறங்காமல், இருக்க வேண்டும். முள் ஆடும் அடர்த்திமானியான ஹைட்ரோமீட்டரில் நுண்குமிழ் ஒட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால், ஒளி விலகலைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஈடு செய்ய உப்பில்லாத ஆர்.ஓ. நீரே வேண்டும். சமையலறை ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில், சுவைக்காகச் சிறிது மூலநீரை மீண்டும் கலக்கும் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) திருகு இருக்கும். அதை மூடிவிட்டு, டிடிஎஸ் மீட்டரில் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நேரடியாக ஊற்ற வேண்டாம்.

பெசன்ட் நகர்க் கடல்நீர் வேண்டவே வேண்டாம். பக்கத்திலேயே அடையாறு கடலில் கலக்கிறது. கழிவு ஒரு புறம், மழைக்காலத்தில் உப்புச்செறிவு குறைவது மறுபுறம்.

மறுமொழி 2

அந்த இளம்பழுப்பு நிறம் அனிமோனின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளுடையது. ஒளியைக் கொண்டு அவை ஆக்கும் உணவில்தான் அனிமோன் பெரும்பாலும் வாழ்கிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அந்தப் பாசிகளை அது வெளியேற்றிவிடுகிறது; பவளப்பாறைகள் வெளுப்பதும் இப்படித்தான். வெப்பமும் கடும் ஒளியும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதால், இப்போது ஒளியைக் கூட்டாதீர்கள். விளக்கைச் சற்றுக் குறைத்து, தேறத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்ல ஏற்றுங்கள்.

வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நீர் எளிதில் ஆவியாகாத நாட்களில் அதன் பயன் சொற்பமே, ஆவியாகும் நாட்களிலோ ஈடு செய்யும் வேலை கூடும். கத்திரி வெயிலுக்கு, நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர்தான் வழி. அதன் சூட்டுக்காற்று தொட்டி உள்ள அறையிலேயே சுற்றாதபடி வையுங்கள்.

கோமாளி மீன் இப்போது கூடாது. அனிமோனுக்கு அது கட்டாயத் தேவையன்று. நலிந்த அனிமோனுக்குள் ஓயாமல் புரண்டு, அதை மேலும் சுருங்க வைத்துவிடும். இரவில் நகர்கிறது என்கிறீர்களே, நீரோட்டம் உண்டாக்கும் விசிறியான வேவ்மேக்கருக்கு வலையோ ஸ்பாஞ்சோ சுற்றியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே சுற்றுங்கள். பல அனிமோன்கள் நோயால் அல்ல, அந்த விசிறிக்குள் சிக்கித்தான் சிதைகின்றன, சிதைந்தது தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒப்படர்த்தி 1.030 காட்டுகிறது. வேவ்மேக்கருக்கு வலை சுற்றிவிட்டேன். உப்பை எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம், உணவு ஏதும் தர வேண்டுமா?

மறுமொழி 1

அவசரப்படாதீர்கள். தினமும் சிறிது உப்புநீரை எடுத்துவிட்டு, அதே அளவு ஆர்.ஓ. நீரை விட்டு, நாளொன்றுக்கு 0.001க்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாசி இழந்த அனிமோனுக்கு உணவு அவசியம். உப்போ மஞ்சளோ படாத பச்சை இறாலைப் பொடியாக நறுக்கி, வாரத்தில் ஓரிரு முறை உணர்கொம்பின் மேல் வையுங்கள். பெரிய துண்டு கொடுத்தால் செரிக்காமல் துப்பிவிடும், துப்பியதை உடனே எடுத்துவிடுங்கள். அவ்வப்போது சுருங்கிக் கழிவை வெளியேற்றி மீண்டும் விரிவது இயல்பே, அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். மீனுக்கு நோய் வந்தாலும் இந்தத் தொட்டியில் செம்பு கலந்த மருந்தை விடாதீர்கள். அனிமோனின் அடிப்பாதம் எதிலும் ஒட்டாமல், உடல் குழைந்து, துர்நாற்றம் எழுந்தால் மட்டும் காத்திராமல் வெளியே எடுத்துவிட்டு, அன்றே நீரின் ஒரு பகுதியை மாற்றி அமோனியாவைச் சோதியுங்கள்.