எச்81 மதர்போர்டில் 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சு: 12,000 ரூபாய்க்குள்ள எந்த கார்டு?

திருச்சி_பிசி:
ஐ5-4570, எச்81 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ஒரே ஸ்டிக், விண்டோஸ் 10. ஜிடிஎக்ஸ் 750 டிஐ-ல திரை முழுக்க கட்டம் கட்டமா கோடு, டிரைவர் போட்டா கருப்புத் திரை. கார்டைக் கழட்டிட்டு மானிட்டரை போர்டுல செருகினா எல்லாம் சரியா ஓடுது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 450 வாட், லேபிள்ல 12 வோல்ட்டுக்கு 32 ஆம்பியர், ஒரு 6+2 பின் கேபிள் இருக்கு. மானிட்டர் 1080பி 60 ஹெர்ட்ஸ், விஜிஏ மட்டும்தான். கடையில ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி எடுக்கச் சொல்றாங்க. செகண்ட் ஹேண்ட்ல 1660 சூப்பர் வருது. எதை எடுக்கலாம்?

சிலிக்கான்_சித்தர்:
6500 எக்ஸ்டி உங்க போர்டுக்கு வேண்டவே வேண்டாம். கார்டு மோசம்னு இல்ல, அதுல இருக்கிறது நாலே நாலு பிசிஐஇ லேன் (கார்டும் போர்டும் தகவல் மாத்திக்கிற பாதை). பிசிஐஇ 4.0 போர்டுல அந்த நாலு லேனே போதும். எச்81-ல கிராஃபிக்ஸ் ஸ்லாட் பழைய பிசிஐஇ 2.0 வேகத்தோட நின்னுடும், பிராசஸர் 3.0 தாங்கினாலும் அந்த சிப்செட் விடாது. ஆக மொத்தம் நொடிக்கு 2 ஜிபி பாதை. கார்டுல மெமரி 4 ஜிபிதான். அது நிரம்பினதும் டெக்ஸ்சர் (கேம்ல வர்ற படங்கள்) எல்லாம் ரேம்ல இருந்து அந்தக் குறுகின பாதை வழியா வரணும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) நல்லாத்தான் தெரியும், கேம்ல வண்டியைத் திருப்பும்போது திக்கித் திக்கி நிக்கும். யூடியூப்ல பார்க்கிற டெஸ்ட் முக்கால்வாசி புது போர்டுல எடுத்தது. போதாக்குறைக்கு இந்த கார்டுல வீடியோ என்கோடரும் (கேமை ரெக்கார்ட் பண்ண உதவுற பகுதி) கிடையாது.

1660 சூப்பருக்கு 16 லேன், 6 ஜிபி ஜிடிடிஆர்6. 2.0 ஸ்லாட்லயும் 8 ஜிபி பாதை கிடைக்கும். நான் அதைத்தான் சொல்வேன்.

12வோல்ட்:
பவர் கணக்கு: 32 ஆம்பியரை 12-ஆல பெருக்கினா 384 வாட். கார்டு 125, பிராசஸர் 84, மத்ததுக்கெல்லாம் சேர்த்து 50 வைங்க, 260 கிட்ட வருது. தாராளம். பெட்டியில 450-னு பெருசா போட்டிருக்கிறதை நம்பாம 12 வோல்ட் வரியைப் பார்த்தீங்களே, அதுதான் சரி. 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் மட்டும் தர்ற "450 வாட்" சப்ளையும் மார்க்கெட்ல சுத்துது.

1660 சூப்பர் 8 பின் கேட்கும், உங்க 6+2 அப்படியே பொருந்தும். வேற யாராவது இதைப் படிச்சிட்டு சாட்டா (ஹார்ட் டிஸ்க்) பவர்ல இருந்து மாத்துற கேபிளை வாங்கிடாதீங்க. சாட்டா கனெக்டர் 12 வோல்ட்ல 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான் தாங்கும். 6 பின்னே 75 வாட் இழுக்கலாம், 8 பின் 150. பிளாஸ்டிக் உருகுறது அங்கதான்.

ஒண்ணை யாரும் கவனிக்கல, மானிட்டர். 10 சீரிஸ்ல இருந்தே என்விடியா கார்டுல விஜிஏ கேட்கிற அனலாக் சிக்னல் வராது. பழைய டிவிஐ-விஜிஏ அடாப்டர் எதுக்கும் ஆகாது. உள்ளே சிப் இருக்கிற எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வாங்கணும், பட்ஜெட்ல அதுக்கும் ஒதுக்குங்க.

கரூர்_கேமர்:
எனக்கு இதுல முழுச் சம்மதம் இல்ல. செகண்ட் ஹேண்ட் கார்டுல பாதி கிரிப்டோ மைனிங்ல ஓடினது. கொஞ்சம் சேர்த்துப் போட்டு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி புதுசா எடுத்தா 70 வாட், தனி பவர் கேபிளே வேண்டாம், வாரண்டியும் இருக்கு. 8 லேன்தான், 2.0-ல 4 ஜிபி பாதை. ஆனா மெமரி 6 ஜிபி இருக்கிறதால அவ்வளவா அடி வாங்காது.

சிலிக்கான்_சித்தர்:
வாரண்டி விஷயம் நியாயம்தான். ஆனா அது 12,000-ஐத் தாண்டும், வேகத்துல 1660 சூப்பரை முந்தவும் முந்தாது. மிச்சக் காசுல இன்னொரு 8 ஜிபி ரேம் ஸ்டிக் போட்டு டூயல் சேனல் (ரெண்டு ஸ்டிக்கும் சேர்ந்து ஓடுறது) ஆக்கினா இந்த மெஷினுக்கு அதுதான் லாபம்.

திருச்சி_பிசி:
ஆர்எக்ஸ் 580 8 ஜிபி இன்னும் மலிவா வருதே? கடையில போய் எதை எதைப் பார்க்கணும்?

12வோல்ட்:
580 185 வாட் இழுக்கும், உங்க சப்ளை தாங்கும், கேஸ் சூடாகும். 2023-லயே ஏஎம்டி அந்தத் தலைமுறையோட டிரைவரைப் புது கார்டு டிரைவர்ல இருந்து தனியாப் பிரிச்சிட்டாங்க. அதோட 2304 ஷேடர் (கார்டுல கணக்குப் போடுற கோர்) இருக்க வேண்டிய இடத்துல 2048 இருக்கிற 580-யும் அதே பேர்ல விக்குது.

கடைக்குப் பென்டிரைவ்ல ஜிபியு-இசட் (கார்டு விவரம் காட்டுறது), ஃபர்மார்க் (கார்டை முழு வேகத்துல ஓட்டிச் சோதிக்கிறது) ரெண்டும் கொண்டு போங்க. 1660 சூப்பர்னா 1408 ஷேடர், 192 பிட், ஜிடிடிஆர்6 காட்டணும். பயாஸ் (உள்ளே எழுதின அடிப்படை சாஃப்ட்வேர்) மாத்தின போலி கார்டா இருந்தா ஜிபியு-இசட் பேருக்கு முன்னாடியே ஃபேக்னு போட்டுடும். அப்புறம் ஃபர்மார்க் 15 நிமிஷம். சூடு 85 டிகிரியைத் தாண்டி ஏறிக்கிட்டே போனா தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கு, இல்ல ஃபேன் சுத்தல. அதைச் சரி பண்ணிக்கலாம். புள்ளி புள்ளியா நிறம் தெறிச்சா மெமரி போயிட்டு இருக்கு, என்ன விலை சொன்னாலும் வெச்சிட்டு வாங்க. ஸ்க்ரூ தலை தேஞ்சிருந்தா யாரோ கழட்டியிருக்காங்க, ஏன்னு கேளுங்க. ஃபேன் எல்லாம் கையால சுத்திப் பாருங்க, ஆட்டம் இருக்கக் கூடாது.

கார்டு நீளத்தையும் அளந்துக்கோங்க. 750 டிஐ குட்டி கார்டு. ரெண்டு ஃபேன் வெச்ச 1660 சூப்பர் ஹார்ட் டிஸ்க் கூண்டுல இடிக்கலாம்.

மாட்டுறதுக்கு முன்னாடி போர்டு பயாஸைக் கடைசி வெர்ஷனுக்கு ஏத்திடுங்க, சேஃப் மோடுல டிடியு (டிரைவரை முழுசா அழிக்கிற சாஃப்ட்வேர்) போட்டுப் பழைய டிரைவரைத் துடைச்சிடுங்க. மாட்டினதும் திரை வரலைன்னா பதறாம மானிட்டர் கேபிள் போர்டுல இருக்கா, கார்டுல இருக்கான்னு முதல்ல பாருங்க.