யூஸ்டா கௌசா (iusta causa) என்ற இலத்தீன் சட்டச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்? உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. இலங்கையில் தமிழ் மொழிமூலம் சட்டம் படிக்கும் சில பிள்ளைகளுக்காக உரோமக் கடப்பாட்டுச் சட்டம் பற்றிக் குறிப்பு எழுதி வருகிறேன்.

கடப்பாடு ஒப்பந்தத்திலிருந்தோ தீங்கிலிருந்தோ பிறக்கும் என்று உரோமச் சட்ட அறிஞர் கையஸ் பிரித்ததை எழுதிவிட்டேன். விற்பனை, வாடகை, கூட்டு வணிகம், கூலி வாங்காமல் பிறர் காரியத்தை ஏற்பது ஆகிய நான்கும் வெறும் சம்மதத்தாலேயே பிணைக்கும் என்பதும் முடிந்தது. அப்புறம்தான் சிக்கல்.

ஆங்கிலச் சட்டம் வாக்குறுதிக்குக் கைம்மாறு (consideration) கேட்கும். இலங்கையில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டத்துக்கு யூஸ்டா கௌசா, அதாவது வாக்கைச் சட்டப்படி செல்லுபடியாக்கும் தகுந்த அடிப்படை, இருந்தால் போதும். 1918-இல் ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இதை ஏற்றது. தார்மீகக் கடமையை எண்ணிக் கொடுத்த வாக்கும் கட்டுப்படுத்தும் என்பது எவ்வளவு அழகான கருத்து! ஆனால் 'நியாயமான காரணம்' என்று எழுதினால், பிள்ளைகள் அதை வாக்குக் கொடுத்தவரின் உள்நோக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள், சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால், நீங்கள் பயன்படுத்தும் சொல்லைச் சொல்லுங்கள். பழைய தமிழ் விரிவுரைக் குறிப்புகள் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாலும் பேருதவி.