மூக்கு ஒப்பரேசன் ரெண்டாந்தரம் செய்தவை ஆரும் இருக்கிறீங்களோ?

கொக்குவில் பிள்ளை

தம்பியின்ர கலியாணத்துக்கு அம்மான்ர மூக்குத்தியைப் போடுவம் எண்டு போன மாசம் கஸ்தூரியார் வீதிக்குப் போனனான். ஒப்பரேசன் முடிஞ்சு எட்டு மாசம். கொழும்பில ஒரு தனியார் ஆஸ்பத்திரி, திறந்து செய்தது. மூக்குத்தண்டில இருந்த மேட்டைச் சீவி நுனியை ஒடுக்கினவை. பாக்கிற ஆக்கள் எல்லாரும் வடிவா இருக்கெண்டுதான் சொல்லுகினம்.

பத்தர் வயசான மனிசன். வலப்பக்க மூக்கு மடலை ரெண்டு விரலாலப் பிடிச்சுத் திருகைப் பூட்டப் போனவர் அப்பிடியே நிப்பாட்டிட்டார். "பிள்ளை, மூச்சை இழு பாப்பம்" எண்டார். இழுத்தன். "இன்னொருக்கா." இழுத்தன். "மடல் உள்ளுக்கப் போய் ஒட்டுதம்மா. உனக்கு இந்தப் பக்கத்தால காத்துப் போகுதே?"

என்னால வாய் திறக்கேலாமப் போச்சு. எட்டு மாசமா ராவில வாயாலதான் மூச்சு விடுறன். விடியத் தொண்டை வறண்டு எழும்புறன். வீக்கம், வத்திப்போகும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தனான், ஒப்பரேசன் செய்த டொக்டரும் போனில அதைத்தான் சொன்னவர். நான் கண்ணாடியில பாத்ததெல்லாம் பக்கத்தோற்றம் மட்டும்தான். அந்த மனிசன்ர விரலுக்கு ஒரு நிமிசத்தில தெரிஞ்சது எனக்குத் தெரியேல்ல. மூக்குத்தியைப் பூட்டாமலே திருப்பிக் கடுதாசியில மடிச்சுத் தந்தார். காசும் வாங்கேல்ல.

வீட்டில இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அம்மா முதலே வேண்டாமெண்டு அழுதவ. ரெண்டாந்தரம் செய்யலாமோ? செய்தவை சொல்லுங்கோ.


தென்மராட்சியான்

என்ர அழகுக்குச் செய்தது இல்லை. ஏ9 றோட்டில மோட்டச்சைக்கிளால விழுந்து மூக்கு உடைஞ்சது. முதல்தரம் நிமித்தினது சரிவரேல்ல. மூண்டு வருசம் இழுத்தடிச்சுப்போட்டுச் சென்னைக்குப் போனனான்.

அங்க டொக்டர் பஞ்சு சுத்தின குச்சியை உள்ளுக்க விட்டு நடுச்சுவரை மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு போனார். பேந்து குச்சியை வெளியில எடுத்து வைச்சிட்டு, "இங்க எடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க" எண்டார். முதல் ஒப்பரேசனிலயே நடுச்சுவர்க் குருத்தெலும்பை எடுத்திட்டினமாம். என்ர மூக்குக்குள்ள என்ன இல்லை எண்டு எனக்குத் தெரியாம மூண்டு வருசம் திரிஞ்சிருக்கிறன். அந்தக் குச்சி மேசையில பட்ட சத்தம் இப்பவும் காதில கிடக்கு.

பிறகு மூக்கைத் தாங்கிறதுக்குக் குருத்தெலும்பைக் காதில இருந்து எடுத்துப் போட்டவர். காணாட்டி விலா எலும்புப் பக்கத்துக் குருத்தெலும்புதான் எண்டும் சொன்னவர், நல்ல காலம் காது காணுமாப் போச்சு. ஒண்டரை மாசம் ஹெல்மெற் போடேலாது, பஸ்ஸிலதான் வேலைக்குப் போனனான். இப்ப மூச்சு வருது. தங்கச்சி, பயப்பிடாமல் கெதியாச் செய்யுங்கோ. காலம் போனா உள்ளுக்கத் தழும்பு இறுகிப்போகும்.


உடுவில் அக்கா

தம்பி கோவிக்கக்கூடாது, "கெதியாச் செய்யுங்கோ" எண்டது பிழை. எட்டு மாசம் ஒண்டும் காணாது. முதல் ஒப்பரேசன் முடிஞ்சு ஆகக் குறைஞ்சது ஒரு வருசமாவது விடவேணும். மூக்குத்தோல் தடிச்ச ஆக்களுக்கு, எங்கட சனத்தில கனபேருக்கு அப்பிடித்தான், நுனி வீக்கம் வத்த ஒண்டரை வருசமும் போகும். தழும்பு முதலில இறுகி, பிறகுதான் இளகும். இறுகிக் கிடக்கிற நேரம் திருப்பித் திறந்தா டொக்டருக்கே எது தழும்பு, எது குருத்தெலும்பு எண்டு பிரிக்கிறது கஷ்டம். எனக்கும் பத்தாம் மாசம் நுனிக்கு மேல கிளிச்சொண்டு மாதிரி ஒரு மேடு நிண்டு அழுது திரிஞ்சனான். ரெண்டு தரம் ஸ்ரெரொயிட் ஊசி போட்டவை, பதினஞ்சாம் மாசம் அது இல்லை. என்ர கதை அவ்வளவுதான்.

ஆனா பிள்ளை, நீங்கள் இப்பவே செய்யவேண்டிய சில வேலை இருக்கு. முதலாவது, ஒப்பரேசன் செய்த இடத்தில உங்கட ஒப்பரேசன் குறிப்பைக் கேட்டு வாங்குங்கோ. எந்தக் குருத்தெலும்பை எடுத்தவை, எங்க வைச்சவை, மடலுக்கு முண்டு குடுத்தவையோ எண்டதெல்லாம் அதில இருக்கவேணும். ஆர் ரெண்டாந்தரம் செய்தாலும் முதல் கேக்கிறது அதைத்தான். கடிதம் எழுதிக் கேளுங்கோ, போனில கேட்டா நாளைக்கு நாளைக்கு எண்டுவினம்.

அடுத்தது படம். மாசம் ஒருக்கா, ஒரே சுவருக்கு முன்னால, ஒரே வெளிச்சத்தில, வேற ஆளை ஒரு அஞ்சடி தள்ளி நிண்டு எடுக்கச் சொல்லுங்கோ. செல்ஃபி எடுத்துப் பாத்து மனம் உடையாதேங்கோ. ஒரு அடித் தூரத்தில பிடிக்கிற செல்ஃபி மூக்கைக் கிட்டத்தட்ட 30 வீதம் அகலமாக் காட்டும் எண்டு 2018இல அமெரிக்காவில கணக்குப் போட்டுக் காட்டினவை. நான் ஒரு வருசமா அந்தப் பொய்ப் படத்தைப் பாத்துத்தான் அழுதிருக்கிறன்.

பிறகு, ஆரும் "ஃபில்லர் ஊசி போட்டுப் பள்ளத்தை நிரப்புவம்" எண்டு சொன்னா எழும்பி வந்திடுங்கோ. மூக்கு ரத்தக்குழாய்களுக்குக் கண்ணோட தொடுப்பிருக்கு. மருந்து குழாய்க்குள்ள போச்செண்டா கண் பார்வையே போகலாம். ஒருக்கா வெட்டின மூக்கில ரத்தவோட்டம் மாறிக் கிடக்கிறதால அந்தப் பயம் இன்னும் கூட. இங்க ஒரு அழகு நிலையத்தில என்னைக் கதிரையில இருத்திப்போட்டு ஊசியைக் காட்டினவை. அண்டைக்கு நான் எழும்பி வந்தது என்ர அப்பு செய்த புண்ணியம்.

அம்மாவை எண்ணெய் போட்டு மூக்கை உருவ விடாதேங்கோ. மூக்குத்தியும் இப்ப வேண்டாம்.


தென்மராட்சியான்

அக்கா, தழும்பு இறுகும் எண்டது எனக்கு டொக்டர் சொன்னது, நான் இட்டுக்கட்டேல்ல. நான் மூண்டு வருசம் சும்மா இருந்திட்டன் எண்ட கவலையிலதான் கெதியா எண்டு எழுதினனான். ஒரு வருசம் விடட்டும், சரி. ஆனா வருசக்கணக்கா விடச் சொல்லாதேங்கோ. மூச்சு முட்டிக்கொண்டு படுக்கிறவனுக்குத்தான் அது தெரியும்.


பருத்தித்துறை ரீச்சர்

அக்காவின் அறிவுரை முழுவதும் தோற்றத்தைப் பற்றியது. பிள்ளை கேட்டது மூச்சைப் பற்றி. நுனி வீக்கம் வற்றும் என்பது உண்மை, ஆனால் மூச்சை இழுக்கும்போது மடல் உள்ளே விழுவது வீக்கம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேட்டைச் சீவி நுனியை ஒடுக்கும்போது பக்கத்துத் தாங்குகளையும் கூடுதலாக வெட்டிவிட்டால் மூக்கு தன்னைத் தானே தாங்கமுடியாமல் போகும். நானும் வீக்கம் வீக்கம் என்று நம்பி இரண்டு வருடம் இருந்தவள்.

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை மேற்பார்வை. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. வரிசைக்குள் நடந்து போகும்போது ஒரு பிள்ளை தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தது, பிறகு அடுத்த பிள்ளை. எங்கோ சன்னமாக ஒரு விசில் சத்தம். நானும் யன்னல் பக்கம் பார்த்தேன். மூச்சை அடக்கினேன், சத்தம் நின்றது. விட்டேன், வந்தது. என் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை. ஒப்பரேசனில் இரண்டு பக்கத்துச் சவ்வும் ஒரே இடத்தில் கிழிந்தால் அப்படி ஆகுமாம். சின்ன ஓட்டைதான் விசிலடிக்கும் என்று பிறகு சொன்னார்கள். மிச்ச நேரம் முழுவதும் வாயைத் திறந்துகொண்டு வாசற்படியில் நின்றேன். முன்வரிசையில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுச் சட்டெனத் தலையைக் குனிந்ததை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

பிள்ளை, கன்னத்தை மூக்கோரமாக விரல் வைத்து வெளிப்பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டு மூச்செடுத்துப் பாருங்கள். காற்று தாராளமாக வந்தால் மடல் பக்கம் பலவீனம் என்று சந்தேகிக்கலாம். நல்ல மூக்குக்காரருக்கும் கொஞ்சம் கூடுதலாக வரும், அதனால் அதை வைத்து முடிவெடுக்கவேண்டாம். காது மூக்கு தொண்டை வைத்தியர் உள்ளே மெல்லிய கம்பியால் உயர்த்திப் பார்ப்பார், அதுதான் சரியான சோதனை. கொழும்புக்கு ஓடமுதல் யாழ் போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டுங்கள். உப்புத் தண்ணீரால் கழுவச் சொன்னால் கொதித்து ஆறின தண்ணீரில் மட்டும், கிணற்றுத் தண்ணீரை அப்படியே விடக்கூடாது.

இன்னொன்று. நான் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. நடுச்சுவரில் ஓட்டை விழலாம் என்று அதில் எழுதியிருந்தது, நான் வாசிக்கவில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் டொக்டர் கிரீன் 1860களிலேயே தமிழில் வைத்தியம் படிப்பித்த ஊர் இது. எனக்கு விளங்கும் தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பதற்கு இந்தமுறை வெட்கப்படாதீர்கள்.


நல்லூர் 22

எனக்கு ரெண்டாந்தரம் செய்யமாட்டன் எண்டு சொல்லிட்டினம். மூச்சு நல்லா வருது, நுனி மட்டும் சரிவு எண்டு எனக்குத் தோணுது. டொக்டர் என்ர படங்களைப் பாக்கவே இல்லை. "கண்ணாடியை ஒரு நாளைக்கு எத்தினை தரம் பாக்கிறீங்கள்?" எண்டு மட்டும் கேட்டார். நான் எண்ணத் தொடங்கினன். எண்ணி முடிக்க முதல் அவர் பேனையை மூடிட்டார். முதல் மனநல வைத்தியரோட கதைச்சிட்டு வாங்கோ எண்டு துண்டு எழுதித் தந்தவர்.

ரெண்டு வருசமாச்சு. துண்டு கைப்பைக்குள்ள கிடக்கு. அவர் சொன்னது சரியோ, என்னைப் பைத்தியம் எண்டு நினைச்சாரோ, எனக்கு இண்டைக்கும் தெரியேல்ல.


உடுவில் அக்கா

நல்லூர்ப் பிள்ளை, துண்டை எடுத்துக்கொண்டு போங்கோ. தனியப் போக ஏலாட்டி நான் வாறன், உண்மையாத்தான் சொல்லுறன்.

ரீச்சர், நீங்கள் சொன்னது சரி. மூச்சை நான் யோசிக்கேல்ல.


கொக்குவில் பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர், உங்கட விசில் கதையை வாசிச்சிட்டு ராவு நித்திரை வரேல்ல. செவ்வாய்க்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனனான். போற வழியில ஓட்டோவில வைச்சுத்தான் அவவுக்குச் சொன்னன். அவ ஒண்டும் கதைக்கேல்ல, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவ.

டொக்டர் மெல்லிய கம்பியை வலப்பக்கம் விட்டு மடலை உள்ளுக்கால உயர்த்திப் பிடிச்சார். மூச்சை இழுக்கச் சொன்னார். அந்தப் பக்கத்தால டெற்றோல் மணந்தது. எட்டு மாசத்துக்குப் பிறகு வலது மூக்கால நான் மணந்தது கிளினிக்கின்ர டெற்றோல்தான், எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. அவர் நொந்துபோச்சோ எண்டு கேட்டவர்.

மடலுக்கு முண்டு வைக்கவேணுமாம். நடுச்சுவரில மிச்சம் இருக்கோ எண்டு பாக்கவேணும், இல்லாட்டிக் காதுதான். ஒரு வருசம் முடியட்டும் எண்டவர், அதுவரைக்கும் ராவில மூக்குக்குள்ள வைச்சு மடலை விரிச்சுப் பிடிக்கிற ஒரு சின்னச் சிலிக்கன் துண்டைப் பாவிக்கச் சொன்னவர். ஒப்பரேசன் குறிப்புக் கேட்டு நேற்றுப் பதிவுத் தபால் போட்டிட்டன். அம்மாதான் கொண்டுபோய்ப் போட்டவ.

தம்பியின்ர கலியாணத்துக்கு மூக்குத்தியை அம்மாவே போடுறா.