ஆங்கிலம் தடுமாறுகிறவனுக்கு ஜப்பானிய மொழி வருமா?

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியிலும், பிறகு பாலிடெக்னிக்கில் இயந்திரவியலும் படித்தவன் நான். ஜப்பானில் வேலை தேடும் எண்ணத்தோடு திருநெல்வேலியில் ஒரு பயிற்சி வகுப்பில் ஏழு மாதங்களாக ஜப்பானிய மொழி கற்று வருகிறேன். டிசம்பரில் அந்த மொழித் திறனைச் சோதிக்கும் 'என்-4' நிலைத் தேர்வை எழுத வேண்டும். ஹிராகானா, கத்தகானா என்ற எழுத்துவகைகள் இரண்டும் சிரமமின்றி வந்துவிட்டன. ஆனால் எழுந்து நின்று பேசச் சொன்னால் நா எழுவதில்லை. என் நோட்டில் தமிழ், ஆங்கிலம், ஜப்பானியம் என்று மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறேன். மனத்தில் தோன்றுவதை ஆங்கிலத்தில் மாற்றி, அதை மறுபடி ஜப்பானியத்தில் மாற்றுவதற்குள் ஆசிரியர் அடுத்தவரிடம் போய்விடுகிறார். "இங்கிலீஷே தடுமாறுகிறது, இது எப்படி வரும்?" என்று உடன் படிப்பவர் ஒருவர் கேட்டது மனத்தை விட்டு அகலவில்லை. முதலில் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டு பிறகு தொடர்வது நல்லதா?

பாளையங்கோட்டை அண்ணாச்சி:
தம்பி, அந்த நடுக்கட்டத்தை இன்றே அடித்துவிடுங்கள். ஐச்சி மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தமிழிலிருந்து ஜப்பானியத்துக்கு நேராகவே வழி இருக்க, நீங்கள் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் இரண்டு மொழிகளுக்கும் பொது. நம் 'ஐ' நிற்கும் இடத்தில் அவர்களுக்கு 'ஓ', 'கு' நிற்கும் இடத்தில் பெரும்பாலும் 'நி'.

எனக்குக் கண் திறந்தது 'தபெதே மிமாஸ்' என்ற தொடரில்தான். புத்தகத்தில் இதற்கு ஆங்கிலத்தில் 'உண்ண முயல்வது' என்ற பொருளில் விளக்கம் எழுதி, அரைப் பக்கத்துக்கு இலக்கணக் குறிப்பும் கொடுத்திருந்தார்கள். 'தபெதே' என்றால் சாப்பிட்டு. 'மிரு' என்றால் பார்த்தல். சாப்பிட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான். 'கத்தே ஒகிமாஸ்' என்பதும் அப்படியே, வாங்கி வைக்கிறேன். நம் வினையெச்சமும் துணைவினையும் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கும்போது, அதை எதற்கு ஆங்கிலத்தில் உடைத்து மறுபடி ஒட்ட வேண்டும்? குறில் நெடிலும் கைகொடுக்கும்: 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. ஆங்கிலவழியில் படித்த என் நண்பர்கள் இந்த இடத்தில்தான் அதிகமாக வழுக்கினார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நமக்கு மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை; அவர்களுடைய 'ன்' தனியாக ஒரு மாத்திரை ஒலிக்கும்.

சீனத்திலிருந்து வந்த 'கஞ்சி' எழுத்துகளுக்குக் குறுக்குவழி கிடையாது. நம் ஊர்க் கஞ்சியைப் போல அது எளிதில் இறங்காது. தினமும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வள்ளியூர் செவிலி:
அண்ணாச்சி சொல்வது ஜப்பானியத்துக்குப் பொருந்தும். எல்லா மொழிக்கும் தமிழ் ஏணி எட்டாது. நான் ஜெர்மனியில் பணிபுரிகிறேன். ஜெர்மன் மொழியில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமற்ற பால். நம் உயர்திணை, அஃறிணையை வைத்துக்கொண்டு இதில் எதையும் ஊகிக்க முடியாது. நான் எழுதிய 'பி1' நிலை ஜெர்மன் தேர்வின் நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும்; முதல் தடவை பேச்சில் மட்டும் தவறிவிட்டேன். தப்பாகப் பேசியதால் அல்ல, சரியான பாலைத் தேடிக்கொண்டு பேசாமலே இருந்ததால்.

யோசித்துப் பார்த்தால் அந்தக் கூச்சம் ஜெர்மன் படித்தபோது வந்ததல்ல. வெளியூர் விடுதியில் நான் எங்கள் ஊர்ப் பேச்சில் "அவ்வோ வந்தாவ" என்று சொன்னதற்குச் சுற்றியிருந்தவர்கள் சிரித்த நாளிலிருந்தே, வாயைத் திறக்குமுன் ஒவ்வொரு சொல்லையும் எடைபோடப் பழகியிருந்தேன். இங்கே வந்த புதிதில் முதியவர் ஒருவருக்கு உணவு கொடுக்கும்போது 'டெர் காபெல்' என்று ஆண்பாலாக்கி முள்கரண்டியை நீட்டினேன். அவர் 'டீ காபெல்' என்று பெண்பாலாகத் திருத்திவிட்டு, அதை வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார். சிரிப்பும் இல்லை, மதிப்பெண் குறைப்பும் இல்லை. அந்தச் சொல் அதன்பின் எனக்குத் தவறியதே இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தூத்துக்குடி:
தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டு புது மொழிக்குள் இறங்கும் வழி நம் கடற்கரைக்குப் புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து புன்னைக்காயலில் வாழ்ந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றிக் அடிகளார், தமக்குப் பழக்கமான லத்தீன் இலக்கணத்தின் சட்டத்திலேயே தமிழின் வேற்றுமைகளையும் வினைத்திரிபுகளையும் வைத்துப் பார்த்து, போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். பொருந்தாத இடங்கள் அதில் உண்டு. ஆனாலும் அவர் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவ சமய நூல் 1578இல் அச்சேறியது.

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் நடுக்கட்டம் இல்லாமலே நான்கு வாக்கியங்கள் சொன்னேன். இரண்டில் எழுவாயை அடுத்து 'வா' என்ற ஒட்டு வர வேண்டிய இடத்தில் 'கா' என்ற ஒட்டைப் போட்டுவிட்டேன், ஆசிரியர் திருத்தினார். இப்போது நடுக்கட்டத்தில் அந்தத் திருத்தங்களை எழுதி வருகிறேன். அண்ணாச்சி, 'வதாஷி கா இகிமாஸ்' என்பதை 'நான்தான் போகிறேன்' என்று எடுத்துக்கொள்ளலாமா? நம் 'தான்' எல்லா இடத்திலும் அந்தக் 'கா'வுக்கு ஈடாகுமா, அல்லது சில இடங்களில் மட்டுமா?